புது பிளாட்பெட் ஓட்டுநருக்கு முதல் வருடம் என்ன கிடைக்கும்? நான் சேர்ந்த கம்பெனி பற்றி

அமெரிக்காவில் சிடிஎல் என்ற கனரக வாகன ஓட்டுநர் உரிமம் எடுத்த கையோடு, பிளாட்பெட் (கூரையும் பக்கச் சுவரும் இல்லாத திறந்த லாரி) ஓட்ட இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். விளம்பரத்தில் போட்டிருக்கும் பெரிய தொகையை முதல் வருடத்திலேயே எதிர்பார்க்காதீர்கள். மைலுக்கு 50 சென்ட். வாரம் 2,000 மைல் ஓடினால் 1,000 டாலர், அதுவும் வரி பிடிப்பதற்கு முன். பனிக்காலத்தில் கட்டுமானச் சரக்கு குறையும், மைலும் குறையும். பயிற்சி வாரங்களுக்குச் சம்பளம் தனி, குறைவு. ஆக, வருடத்துக்கு 50,000 டாலரை ஒட்டி வந்தாலே நல்ல கணக்கு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை சொல்வதே, 2023-இல் கனரக லாரி ஓட்டுநர்களின் நடுமட்ட ஆண்டு வருமானம் 54,320 டாலர் என்றுதான்.

தார்ப்பாய் போட்டால் லோடுக்கு 50 டாலர் தருகிறார்கள். மரப்பலகை லோடு என்றால் ஒரு பாயே 40 கிலோவைத் தாண்டும். காற்றடிக்கும்போது அதை மேலே ஏற்றி விரித்து, ரப்பர் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்து மாட்டி முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். அப்புறம், கிளம்பிய முதல் 50 மைலுக்குள் நிறுத்திக் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பது சட்டம். அதற்குக் காசு கிடையாது. லோடு ஏற்றக் காத்திருக்கும் முதல் இரண்டு மணி நேரமும் அப்படித்தான். இது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

பயிற்சி மட்டும் அருமை. சங்கிலி கட்டக் கற்றுத்தந்தவருக்கு அவ்வளவு பொறுமை! சேருவதற்கு முன், அங்கே முதல் வருடம் முடித்த ஓட்டுநர் யாரிடமாவது வாரச் சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.