குன்னூரிலிருந்து பவளப்பாறைக்கு: கைப்பேசி உறையா, ஆக்‌ஷன் கேமராவா, நீர்புகாக் கேமராவா?

அந்தமானிலோ லட்சத்தீவிலோ முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மிதக்கப்போகும் ஒரு வாரத்திற்கு எந்தக் கேமரா வாங்குவது என்ற விவாதம், குன்னூரில் உள்ள எங்கள் வீட்டில் டிசம்பர் உறைபனிக்காலத்திலேயே தொடங்கிவிடும். உறையிட்ட கைப்பேசி, ஆக்‌ஷன் கேமரா, நீர்புகாக் கேமரா ஆகிய மூன்று வகைகளையும் வெவ்வேறு பயணங்களில் பயன்படுத்திய பிறகு, விளம்பரங்கள் பெரிதாகச் சொல்லும் ஆழக்கணக்கை நான் பொருட்படுத்துவதில்லை. ஆக்‌ஷன் கேமராக்களில் அண்மைக்கால கோப்ரோ ஹீரோ வகைகள் பெரும்பாலும் தனிப்பெட்டி இல்லாமலே 10 மீட்டரும், நீர்புகாக் கேமராவான ஒலிம்பஸ் டிஜி-6 15 மீட்டரும் தாங்கும். இப்படி மூச்சுக்குழாயுடன் மிதந்து ஸ்நோர்க்கெலிங் செய்பவரோ இரண்டு மூன்று மீட்டரைத் தாண்டுவது அரிது. உண்மையான வேறுபாடு, மீனுக்கும் கேமராவின் கண்ணாடிக்கும் இடையே உள்ள நீரை எந்தக் கருவி குறைக்கிறது என்பதில்தான் இருக்கிறது. ஏனெனில் நீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கிவிடுகிறது, அதில் மிதக்கும் துகள்கள் படத்தை மங்கலாக்குகின்றன.

கைப்பேசியை நெகிழி உறையில் இட்டு இறங்குவது செலவு குறைந்த வழி. ஆனால் நீருக்குள் தொடுதிரை சரியாக வேலை செய்யாது என்பதால், கரையிலேயே கேமராவைத் திறந்துவைத்துக்கொண்டு ஒலியளவுப் பொத்தானால்தான் படம் எடுக்க வேண்டியிருக்கும். கைப்பேசிக்குள் நீர் புகாது என்று காட்டும் ஐபி68 தரச்சான்று நன்னீர்ச் சோதனையைக் குறிப்பது. உப்புநீருக்கு அது உத்தரவாதம் ஆகாது. படகில் குடும்பப் படம் எடுப்பதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்கலாகாது என்பது என் கருத்து.

ஆக்‌ஷன் கேமரா அகலப் பார்வை கொண்டது. அலையில் கை ஆடினாலும் காணொளி ஆடாது. பவளத்திட்டின் மேல் கூட்டமாகத் திரும்பும் மீன்களையும், உடன் நீந்தும் பிள்ளைகளையும் இதைவிடச் சிறப்பாக எதுவும் பதிவு செய்வதில்லை. ஆனால் ஒளியியல் ஜூம் இல்லாததால், ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் கோமாளி மீன் படத்தில் ஒரு அரிசிமணி அளவே தெரியும். ஆழத்தில் முக்குளிப்போருக்காக விற்கப்படும் சிவப்பு வடிகட்டி, வெயில் நேராக விழும் மேல்நீரில் படத்தைச் செம்மண் நிறமாக்கிவிடும். அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

நிழற்படம்தான் நோக்கம் என்றால் டிஜி-6, அல்லது 2023-இல் வந்த டிஜி-7. நான்கு மடங்கு ஒளியியல் ஜூம், நீருக்கடிப் படங்களுக்கான தனி அமைப்புகள், கண்ணாடியிலிருந்து 1 செ.மீ. தொலைவிலும் குவியும் திறன் ஆகியவை இதன் பலம். அந்த 1 செ.மீ.யை நம்பிப் பவளத்தில் குடியிருக்கும் விசிறிப் புழுவை நெருங்கினால், நம் நிழல் பட்டவுடனே அது குழாய்க்குள் ஒடுங்கிவிடும். ஒரு முழம் விலகி நின்று ஜூம் செய்வதே பலன் தருவது. பவளத்தில் காலூன்றாமல் இருப்பதற்கும் அந்த விலகல் உதவுகிறது. உள்ளமைந்த பிளாஷ் கண்ணாடிக்கு அருகிலேயே இருப்பதால், நீரிலுள்ள துகள்கள் எல்லாம் பனித்தூவல் போல ஒளிரும். பகலில் அதை அணைத்துவைக்கலாம். காணொளியின் நிலைப்புத்தன்மையில் இது ஆக்‌ஷன் கேமராவுக்கு ஈடாகாது.

மலையில் வாழ்பவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் இன்னொரு பக்கமும் உண்டு. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வந்து சேர்வதற்குள் உப்பிவிடுவதை நாம் அறிவோம். அதே காரணத்தால், சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இறுக மூடிய நீர்புகாப் பெட்டியை வெளிக்காற்று கடற்கரையில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும், திறப்பது பெரும்பாடாகும். முதல் பயணத்தில் விடுதி அறையில் ஒரு மணி நேரம் அதனுடன் போராடியதிலிருந்து, பெட்டியை மூடாமலே எடுத்துச் செல்கிறேன். ரப்பர் வளையத்தில் ஒரு மயிரிழை சிக்கினாலும் நீர் புகும் என்பதால், ஸ்வெட்டர் அணிந்தபடி பேட்டரிக் கதவைத் திறப்பதில்லை. கம்பளி இழை அங்கே மிக எளிதாக ஒட்டிக்கொள்ளும். புறப்படுவதற்கு முந்தைய நாள், குளியலறை வாளியில் அரை மணி நேரம் மூழ்கவைத்துப் பார்ப்பதும் வழக்கம்.

திரும்பி வந்த பிறகுதான் கருவிகளுக்கு நீலகிரியின் ஈரம் சோதனையாகிறது. நன்னீரில் அலசிய கேமராவைத் துணிப்பையில் போட்டு அலமாரியில் வைத்தால், ஜூலை மழைக்குள் பூஞ்சை எட்டிப்பார்க்கும். சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகா டப்பாவே அதற்குச் சரியான இடம். ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்றால், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆக்‌ஷன் கேமராவையே சொல்வேன். எனக்கு மட்டும் என்றால் டிஜி-6தான். வரும் ஜனவரிக்கும் அதன் ரப்பர் வளையத்தைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.