எக்ஸ்-பிளேன் 12இல் பாரன் 58: இரட்டை என்ஜின் பழக இது போதுமா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்திலும் விமானியாக நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பறப்புப் பள்ளிகளோ பெரும்பாலும் இரத்மலானையில். அங்கே ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் காசு. இரட்டை என்ஜின் என்றால் இன்னும் கூட. எந்த லீவரை எப்போது தொடுவது என்ற ஒழுங்கை வீட்டிலேயே பழகிவிட்டுப் போனால் பெரிய மிச்சம். அதற்கு, கணினியில் பறந்து பழகும் மென்பொருளான எக்ஸ்-பிளேன் 12உடன் சேர்ந்தே வரும் பீச்கிராஃப்ட் பாரன் 58 என்ற இரட்டை என்ஜின் சிறு விமானம் தாராளமாகப் போதும்.

இதன் உண்மையான பெறுமதி என்ஜின் பழுதாகும் பயிற்சியில் இருக்கிறது. பழுது மெனுவில் இடது என்ஜினை நிறுத்திப் பாருங்கள். இரண்டு ப்ரொப்பெல்லரும் ஒரே பக்கம் சுற்றுவதால், இடது நின்றால்தான் விமானம் அதிகமாக இழுபடும். மூக்கைத் தாழ்த்தி, வேகமானியின் நீலக் கோட்டை, அதாவது ஒரு என்ஜினில் நன்றாக ஏறும் வேகமான ஏறத்தாழ 100 நொட்டை, பிடிக்க வேண்டும். சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனால் றடரை, அதாவது மூக்கைத் திருப்பும் வால் தகட்டின் பெடலை, முழுவதும் மிதித்தாலும் விமானம் நேரே நிற்காது. ஓடும் என்ஜின் பக்கம் 5 பாகை வரை சரியுங்கள். எந்தக் காலுக்கு வேலை இல்லையோ அந்தப் பக்க என்ஜின்தான் செத்தது. ஆனாலும் அந்தப் பக்கத் த்ரொட்டிலை இழுத்துப் பார்த்து, ஒரு மாற்றமும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே ஃபெதர் செய்ய வேண்டும், அதாவது ப்ரொப்பெல்லர் தகடுகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்ப வேண்டும். அவசரத்தில் நல்ல என்ஜினை நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் மோசமான பிழை. ஃபெதரைப் பிந்தவும் விடக்கூடாது. சுற்று மிகவும் குறைந்துவிட்டால் உள்ளே இருக்கும் பூட்டு ஊசிகள் விழுந்து, தகடுகள் திரும்பாமல் நின்றுவிடும்.

வெப்பநிலையை 35 பாகையாக வைத்தே இதைப் பழகுங்கள். நம் வெயிலில் கடல் மட்டத்திலேயே காற்று 2400 அடி உயரத்துக் காற்றைப் போல ஐதாகிவிடும். ஒரு என்ஜினில் ஏறும் வலு ஏற்கெனவே நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு; அதையும் வெயில் தின்றுவிடும்.

பெற்றோல் செலக்டர் தரையில் இருக்கிறது: ஓன், ஓஃப், குறொஸ்ஃபீட். இடது என்ஜின் நின்றிருந்தால் இடதை ஓஃபில் வைத்து, வலது செலக்டரைக் குறொஸ்ஃபீடுக்குத் திருப்ப வேண்டும். அப்போது வலது என்ஜின் இடது இறக்கைப் பெற்றோலைக் குடிக்கும். மட்டமாகப் பறக்கும்போது மட்டுமே இதைச் செய்யலாம்.

சில்லு இறக்கும் மோட்டர் பழுதானால், முன் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள கைப்பிடியை இடஞ்சுழியாக ஏறத்தாழ 50 சுற்று சுற்ற வேண்டும். முதலில் மோட்டரின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிறேக்கரை இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் திடீரென மின் வந்து கைப்பிடி சுழன்று கையை உடைக்கும். இந்தக் கனத்தைத் திரை காட்டாது. றடர் மிதிக்கும் பாரமும் அப்படித்தான். அதற்குப் பயிற்றுநர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒற்றைத் த்ரொட்டில் ஜோய்ஸ்டிக் வாங்காதீர்கள். இரண்டு என்ஜினும் சேர்ந்தே அசையும். மேலே சொன்ன சரிபார்ப்பைச் செய்யவே முடியாது. இரண்டு தனி லீவர் கட்டாயம், கால் பெடல் இருந்தால் நல்லது. தரவிறக்கம் 20 ஜிபிக்கு மேல் போகும் என்பதால் நிலப்பகுதிகளில் நம் பகுதியை மட்டும் தெரிவுசெய்யுங்கள். இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஏ9 வழியே பறந்தால் வலப்பக்கம் இரணைமடு தெரியும். அதுவே நல்ல பயிற்சிப் பாதை. தமிழ் இடைமுகம் இல்லை. இலவசச் சோதனைப் பதிப்பை முதலில் போட்டு, உங்கள் கணினி இழுக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்.