அம்மாவின் வாசற்கதவும் மூன்று கருவிகளும்

மன்னார்குடிக்கு அருகே ஊர் வீட்டில் 78 வயதில் தனியாக இருக்கும் அம்மாவின் அன்றாட நடமாட்டத்தைச் சென்னையிலிருந்தே அறிந்துகொள்வதற்காகக் கேமரா, விழுவதை உணரும் கைக்கடிகாரம், கதவிலும் சுவரிலும் பொருத்தும் சென்சார்கள் ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டுச் சென்சார்களையே நிலையாக வைத்துக்கொண்டேன்.

கேமராவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. "குளிச்சிட்டு ஈரப்புடவையோட கூடத்தைத் தாண்டுறப்ப அதுல தெரியுமாப்பா?" என்று அம்மா கேட்ட அன்றே கழற்றிவிட்டேன்.

கைக்கடிகாரம் கொல்லைக்கும் கோயிலுக்கும் கூடவே வரும் என்பது அதன் பெரிய பலம். ஆப்பிள் நிறுவனம் 2018இல் தன் நான்காம் வரிசைக் கடிகாரத்தில் கொண்டுவந்த, விழுவதை உணரும் இந்த வசதி இப்போது வேறு சில கடிகாரங்களிலும் இருக்கிறது. அம்மா அதைக் கட்டியிருந்தது 15 நாள்தான், அதற்குள் அவர் விழவும் இல்லை என்பதால், அதன் கணிப்பு எவ்வளவு சரி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் கண்டது வேறொன்று: குளிக்கும்போது கழற்றி விளக்கு மாடத்தில் வைத்த கடிகாரம், சார்ஜ் தீர்ந்து மாலைவரை அங்கேயே கிடந்தது.

என் முடிவைத் தீர்மானித்தது இந்தப் பராமரிப்புதான். கடிகாரத்தைப் பராமரிக்கும் வேலை, நாம் யாரைக் கவனித்துக்கொள்ள நினைக்கிறோமோ அவர் தலையிலேயே நாள்தோறும் விழுகிறது. சென்சாரில் அது ஆண்டுக்கு ஒருமுறை என் வேலை. அம்மா 5 மணிக்கு வாசல் தெளிக்கக் கதவைத் திறக்கும்போது, நிலைச்சட்டத்தில் உள்ள பகுதியை விட்டுக் கதவிலுள்ள காந்தம் விலகுவதால் சென்சார் செய்தி அனுப்புகிறது; 6 மணிவரை கதவு திறக்காவிட்டால் என் கைப்பேசிக்கு எச்சரிக்கை வரும். மற்ற நேரங்களில் அது பெரும்பாலும் உறங்குவதால் 3 வோல்ட் பட்டன் பேட்டரி ஒன்றிலேயே ஓராண்டுக்கு மேல் ஓடியது. ஆனால் ஓர் ஆடி மாதக் காலையில் அந்த பேட்டரி தீர்ந்துபோய், எச்சரிக்கை கண்டு நான் பதறி அழைக்க, பக்கத்து வீட்டு அக்கா ஓடிப்போய்ப் பார்த்தபோது அம்மா நந்தியாவட்டைப் பூப் பறித்துக்கொண்டிருந்தார். அதன்பின் தீர்ந்தாலும் தீராவிட்டாலும், போகியன்று ஊருக்குப் போகும்போது எல்லா பேட்டரிகளையும் மாற்றிவிடுகிறேன்.

கூடத்தில் உள்ள அசைவு சென்சார் உடல் வெப்பத்தின் நகர்வை உணர்வது. அசையாமல் கிடப்பவரை அது அறியாது, சித்திரை வெயிலில் சுவர் உடம்பளவு சூடேறினாலும் தடுமாறும். ஆகவே அதை முற்றத்து வெயிலைப் பார்க்காமல் திருப்பி வைக்க வேண்டும்.

மின்சாரம் போனால் இணைய ரூட்டரும், சென்சார்களின் செய்தியை வாங்கி அதற்கு அனுப்பும் ஹப்பும் அணைந்துவிடும் என்பதால் இரண்டுக்கும் சிறிய பேட்டரி பேக்கப் வைத்தேன். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருளில் கிடந்த இந்தப் பகுதிக்கு அது போதாது. அதனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவியையும் கொடுத்து வைத்திருக்கிறேன்.