ஏசி பெட்டியோடு வரும் வயரிங் கிட்: எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும்

கூலிங், ஹீட்டிங் இரண்டும் உள்ள ஸ்ப்ளிட் ஏசி வாங்கினால் பெரும்பாலும் காப்பர் பைப், டிரெயின் பைப், இன்டோரையும் அவுட்டோரையும் இணைக்கும் 4 கோர் கேபிள் (ஒரே உறைக்குள் நான்கு வயர்), சில மாடல்களில் பிளக் மாட்டிய பவர் கார்டு எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். பைப்பின் தடிமனைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. வயரைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அதனால் இங்கே வயர் மட்டும். சொல்லும் அளவுகள் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில் ஓடும் 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசியை மனதில் வைத்தவை. வேலையைச் செய்ய வேண்டியவர் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான். ஆனால் அவர் செய்வது சரியா என்று பார்க்க வாங்கியவருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

கிட்டில் உருப்படியான பாகம் அந்த 4 கோர் கேபிள்தான். இரு முனையிலும் கம்பெனியிலேயே லக் (வயர் நுனியில் அழுத்தி மாட்டும் உலோக முனை) அடித்து, 1, 2, 3, எர்த் என்று அடையாளமும் போட்டிருந்தால் அதை வெட்டாமல் அப்படியே மாட்டுங்கள். குறை அதன் நீளத்தில். 3 மீட்டர் பைப்புக்குத் தோதாகக் கொடுத்திருப்பார்கள்; அவுட்டோர் மொட்டை மாடிக்குப் போனால் எட்டாது. உடனே நடுவில் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி நீட்டிவிடுவார்கள். இதை மட்டும் அனுமதிக்காதீர்கள். ஒரு கோரில் ஃபேஸ், ஒன்றில் நியூட்ரல், ஒன்றில் எர்த் என்றால் மீதி ஒன்று சிக்னல். பெரும்பாலான இன்வெர்ட்டர் மாடல்களில் இன்டோர், அவுட்டோர் சர்க்யூட் போர்டுகள் இரண்டும் பேசிக்கொள்வது அந்தக் கோர் வழியாகத்தான்; சிக்னல் திரும்பி வரும் பாதை ஃபேஸோ நியூட்ரலோ. ஜாயிண்டில் ஈரம் ஏறிப் பச்சை பூத்தால் கம்யூனிகேஷன் எரர் வரும். ஒரு முனையில் மட்டும் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலும் அதே கதைதான்: மீட்டர் வைத்தால் இரு பக்கமும் 230 காட்டும், அவுட்டோர் மட்டும் எழுந்திருக்காது. பி.சி.பி. (சர்க்யூட் போர்டு) போய்விட்டது என்று யாராவது சொன்னால், முதலில் இரு முனையிலும் எண்ணும் நிறமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீளம் பத்தாவிட்டால் முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக, வெயில் தாங்கும் உறையுள்ள 4 கோர் காப்பர் கேபிள் போடுவதே வழி.

அது எத்தனை ஸ்கொயர் (ஒவ்வொரு கோரின் தடிமன், சதுர மி.மீ.யில்) என்பது மெயின் சப்ளை எங்கே நுழைகிறது என்பதைப் பொறுத்தது. இன்டோரில் கொடுத்து அங்கிருந்து அவுட்டோருக்குப் போகும் மாடலில் கம்ப்ரஸர் கரண்ட் முழுக்க இந்தக் கேபிளில்தான் ஓடும், 2.5 ஸ்கொயருக்குக் குறையக் கூடாது. சப்ளை நேரே அவுட்டோருக்குப் போகும் மாடலில் இன்டோர் ஃபேனுக்கும் போர்டுக்கும் போதுமான கரண்ட்தான் வரும் என்பதால் 1.5 ஸ்கொயர் போதும். கவருக்குள் ஒட்டியிருக்கும் சர்க்யூட் படம் எது என்று சொல்லிவிடும். பழைய ஏசிக்காகச் சுவருக்குள் போட்ட வயரையே பயன்படுத்த நினைப்பவர்கள் இந்தப் படத்தைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஹீட்டிங் உள்ள பழைய நான்-இன்வெர்ட்டர் மாடல்களில் ஃபோர்-வே வால்வுக்குத் (கூலிங்கை ஹீட்டிங்காகத் திருப்பும் வால்வு) தனி வயர் உண்டு. அங்கே 4 கோர் பத்தாது.

பவர் கார்டும் பிளக்கும்? கழற்றி ஓரமாக வைத்துவிடலாம். ஹீட்டிங்கில் மணிக்கணக்காக லோடு இறங்காமல் ஓடும்போது சாக்கெட்டின் ஸ்ப்ரிங் தளர்ந்து, பின் கருகுவது வழக்கமான புகார். டபுள் போல் ஐசொலேட்டரில் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்ச்) நேரடியாக இணைப்பதே நல்லது; மேனுவல் அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நேம்பிளேட்டில் கூலிங் கரண்டைப் பார்த்து வயர் எடுப்பது இன்னொரு பிழை. அதிகபட்ச கரண்ட் என்று தனியாக இருக்கும், அதுதான் கணக்கு. இன்டோருக்குள் 1.5 கிலோவாட் ஹீட்டர் காயில் இருந்தால் அது மட்டுமே 6.5 ஆம்பியர் கூடுதல். அதிகபட்சம் 12 ஆம்பியருக்குள் என்றால் தனி லைனில் 2.5 ஸ்கொயர் காப்பர், 16 ஆம்பியர் சி கர்வ் எம்.சி.பி. (தொடங்கும்போது வரும் கரண்ட் பாய்ச்சலைத் தாங்கி, ஓவர்லோடில் தானே அணையும் சுவிட்ச்); அதைத் தாண்டினால் 4 ஸ்கொயர், 20 ஆம்பியர். ட்ரிப் ஆகிறது என்று எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால் அடுத்து சூடாவது வயர். கூடவே கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும்.

வயர்களை ஸ்க்ரூவில் மாட்டும் டெர்மினல் பிளாக்கில்தான் பெரும்பாலான கோளாறு பிறக்கிறது. லூசான ஸ்க்ரூவில் 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தால் 8 ஆம்பியரில் 6.4 வாட் சூடு, அதுவும் நகக்கண் அளவு இடத்தில். பிளாஸ்டிக் பழுப்பாகி, உருகி, கடைசியில் கருகும். உறையை 8 முதல் 10 மி.மீ. மட்டும் சீவி, சரியான அளவு லக்கை கிரிம்பிங் டூலால் அடிக்க வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கியது பிடிக்காது. இழைகளுக்கு ஈயம் பூசி ஸ்க்ரூவில் மாட்டுவதும் கூடாது: அழுத்தத்தில் ஈயம் மெல்ல இளகி இடம்விடும், ஸ்க்ரூ லூசாகும். மாட்டியபின் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள். எர்த் வயரை மற்றவற்றைவிடச் சற்று நீளமாக விட வேண்டும். கேபிள் பிய்ந்து வந்தாலும் அது கடைசியாகத்தான் கழல வேண்டும். கேபிள் கிளாம்ப் வெளி உறையைப் பிடிக்க வேண்டும், உள்ளே இருக்கும் கோர்களை அல்ல. இந்தக் கிளாம்பைப் பூட்டாமலே கவரை மூடிவிடுவார்கள், கவனியுங்கள்.

கவரைத் திறக்கும் முன் எம்.சி.பி.யை இறக்கி, டெஸ்டரோடு நிற்காமல் மீட்டரிலும் பாருங்கள். அவுட்டோர் போர்டின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. தங்கியிருக்கும், 10 நிமிடமாவது விட்டு, அளந்துவிட்டே கை வைக்க வேண்டும். கேபிளை மெக்கர் செய்வதானால் (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிப்பது) இரு முனையையும் போர்டிலிருந்து கழற்றிவிட்டு 500 வோல்ட்டில் செய்யுங்கள். மாட்டியபடியே செய்தால் போர்டு போகும். எல்லாம் முடிந்ததும் ஹீட்டிங்கில் அரை மணி நேரம் ஓட்டி, சப்ளையை நிறுத்தி, அதே காத்திருப்புக்குப் பிறகு ஸ்க்ரூக்களை இன்னொரு முறை டைட் செய்யச் சொல்லுங்கள். எந்த லக்காவது மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அதை வெட்டிப் புதிதாக அடிக்க வேண்டும்.