ஸ்கூல் வொக்கேஷனல் ட்ரெய்னரா, ஐடிஐ இன்ஸ்ட்ரக்டரா?

எலக்ட்ரீஷியன் ட்ரேட் முடிச்சு, கம்பெனில கொஞ்ச வருஷம் ஓட்டிட்டு, இனிமே சொல்லித்தர வேலைக்குப் போலாம்னு நினைக்கறவங்களுக்கு தமிழ்நாட்டுல கண்ணுக்குத் தெரியற வழி ரெண்டு. ஒண்ணு சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக்கல்வித் திட்டத்துல 9ல இருந்து 12 வரைக்கும் நடக்கற தொழிற்கல்வி, இன்னொண்ணு ஐடிஐ. நான் ஸ்கூல்ல இருந்துட்டு ஐடிஐக்கு வந்தவன், அதனால சாய்ஞ்சுதான் பேசுவேன்.

லீவு ஸ்கூல்லதான் ஜாஸ்தி. சம்பளம், பிரைவேட் ஐடிஐன்னா ரெண்டும் சுமார்தான்.

முக்கியமா பாக்க வேண்டியது நீங்க யாரோட ஆளுங்கறது. ஸ்கூல்ல கையெழுத்து போடுவீங்க, பசங்க சார்னு கூப்பிடுவாங்க, ஆனா வேலை ஆர்டர் குடுக்கறது டிபார்ட்மென்ட்டுக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல இருக்கற ஏஜென்சி கம்பெனி, அதுவும் வருஷா வருஷம். ஜூன்ல ஸ்கூல் திறந்தாச்சு, ஆர்டர் வரல, எச்எம்மைக் கேட்டா "எனக்கு ஒண்ணும் வரலப்பா, உங்க கம்பெனியைக் கேளு"ங்கறாரு, கம்பெனியைக் கேட்டா "டிபார்ட்மென்ட்ல இருந்து வரணும் சார்"ங்கறாங்க. நான் பாத்தது ஒரு ஸ்கூல்தான், மத்த மாவட்டத்துல ஒழுங்கா நடக்கலாம். ஆனா அரசு ஸ்கூலுக்கு 2012ல மாசம் 5,000 ரூபாய்க்கு எடுத்த 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நிரந்தரம் கேட்டு எத்தனை வருஷம் போராடினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். இது இல்லாம தனியா 1978ல ஆரம்பிச்ச பிளஸ் டூ தொழிற்கல்வில ரெகுலர் போஸ்ட் உண்டு, ஆனா அங்க ஒருத்தர் ரிட்டயர் ஆனா அந்த இடம் லேசுல நிரம்பறதில்ல.

ஐடிஐல சிஐடிஎஸ்னு ஒரு வருஷ இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸ் இருக்கு, சென்னை கிண்டில இருக்கற என்எஸ்டிஐங்கற மத்திய அரசு பயிற்சி நிலையத்துல பண்ணலாம். மத்திய அரசு சர்டிபிகேட், இந்த ஐடிஐ வேணாம்னா அடுத்த ஐடிஐ, வேற ஸ்டேட்டுக்குப் போனாலும் செல்லும். ஸ்கூல்ல பாத்த வேலைக்கு அப்படி ஒரு பேப்பர் என் கைல இல்ல.

அப்புறம் ப்ராக்டிகல். ஐடிஐல வருஷத்துக்கு 1,200 மணி நேரம்னா அதுல 840 ட்ரேட் ப்ராக்டிகலுக்கே. வயர பல்லால கடிச்சு உரிக்கற பையன திட்டி, ஸ்ட்ரிப்பர கைல குடுத்து, காப்பர்ல வெட்டு விழாம உரிக்கற வரைக்கும் பக்கத்துலயே நிக்கலாம். ஸ்கூல்ல பீரோவத் திறந்து கிட் எடுத்து அட்டெண்டன்ஸ் முடிக்கறதுக்குள்ள பாதி பீரியட் போயிடும்.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கணும், ஒன்பதாவது பசங்க கேக்கற கேள்வி ஐடிஐல வராது. வீட்டுப் பக்கத்துலயே ஸ்கூல், சாயங்காலம் சொந்தமா வயரிங் வேலையும் எடுக்கறீங்கன்னா ஸ்கூலே ஓகே. இதுதான் முழு வருமானம்னா முதல்ல சிஐடிஎஸ்ஸுக்கு அப்ளை பண்ணுங்க.