குழந்தைக்கான உளவியல் பரிசோதனை: பாலிசியில் இருக்கிறது, க்ளெய்மில் பாதிதான் வருகிறது

குடும்ப ஹெல்த் இன்சூரன்ஸ். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதில் ஒன்று முன் அனுமதிப் பிரிவில் பொறுமையாகப் பேசிய அந்த அம்மாவுக்கு.

"மனநல சேவைகள் அடங்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மகனுக்கு வாசிப்பிலும் கவனத்திலும் சிக்கல், முழுப் பரிசோதனை செய்துவிடலாம் என்று சைக்காலஜிஸ்ட் சொன்னதும் பாலிசியைப் புரட்டினால் பொடி எழுத்தில் ஒரு வரி: கல்வி சார்ந்த மதிப்பீடுகள் சேராது. அதாவது ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த கோளாறு) இருக்கிறதா என்று பார்த்தால் பணம் உண்டு, டிஸ்லெக்சியாவா (வாசிப்புக் குறைபாடா) என்று பார்த்தால் கிடையாது. இரண்டையும் ஒரே பிள்ளையை உட்காரவைத்து ஒரே மேசையில்தானே பார்க்கிறார்கள்! இத்தனைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய்ப் பட்டியலில் வாசிப்புக் குறைபாட்டுக்கு எஃப்81.0 என்று தனி எண்ணே இருக்கிறது. அதைப் பள்ளிக்கூட விவகாரம் என்று ஒதுக்குவது என்ன நியாயமோ.

கஸ்டமர் கேரில் கேட்டால் கன்சல்டேஷன் கவர் ஆகும் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கன்சல்டேஷன் வேறு, டெஸ்டிங் வேறு.

முன் அனுமதிக்கான முதல் விண்ணப்பத்தில் "படிப்பில் பின்தங்குகிறான்" என்று காரணம் போயிருந்தது, உடனே நிராகரித்தார்கள். அப்புறம் சைக்காலஜிஸ்ட் விளக்கமாக ஒரு கடிதம் கொடுத்தார்: கவனக்குறைவு ஏ.டி.ஹெச்.டி.யால் வருகிறதா, வாசிக்க முடியாததால் வருகிறதா என்று பிரித்தறியாமல் நோயை உறுதிசெய்ய முடியாது, டிஎஸ்எம்-5 என்ற மனநல நோய்க் கையேட்டின்படி அறிகுறிகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும், அதனால் ஆசிரியர் நிரப்பும் படிவமும் வேண்டும், வாசிப்பு டெஸ்டும் வேண்டும். இதற்கு அனுமதி வந்துவிட்டது. டெஸ்டுகள் அதேதான், பிள்ளையும் அவனேதான்; எதற்காகப் பார்க்கிறோம் என்று எழுதியிருப்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

ஆனால் எத்தனை மணி நேரத்துக்குப் பணம் என்பதில் கை வைத்தார்கள். விஸ்க் ஐந்தாம் பதிப்பு என்ற அறிவுத்திறன் டெஸ்ட் (6 முதல் 16 வயது வரைக்கானது) மட்டுமே பிள்ளையோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும், அதன் பிறகு மதிப்பெண் போட்டு, படிவங்களோடு ஒப்பிட்டு, அறிக்கை எழுதுவதுதான் பெரிய வேலை. பிள்ளை எதிரில் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தை நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு நல்ல பாலிசிதான், அதில் குறையே இல்லை. பரிசோதனைக்காகவும் எடுப்பதாக இருந்தால் டெஸ்டின் பெயர், மணிநேரம், அறிக்கை எழுதும் நேரம் எல்லாம் சேருமா என்று மெயிலில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போனில் சொன்னதை அப்புறம் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அறிக்கை நேரத்துக்கான மேல்முறையீடு இன்னும் அவர்களிடம்தான் கிடக்கிறது, பணம் வந்தால் ஒரு நட்சத்திரம் கூட்டிப் போடுகிறேன்.