15 வருஷம் படித்த காமிக்ஸ் தொடரை 38வது தொகுதியோடு நிறுத்திவிட்டேன்

போன மாதம் அலமாரியைத் தூசி தட்டும்போதுதான் கவனித்தேன், 39, 40, 41 மூன்று தொகுதிகளும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன. ஒரு காலத்தில் புதுத் தொகுதி கைக்கு வந்தால் நின்ற இடத்திலேயே உறையைக் கிழித்து, பத்துப் பக்கமாவது படித்துவிட்டுத்தான் உட்காருவேன். இப்போது மூன்று தொகுதிகள், அதாவது ஒரு வருஷத்துக்கும் மேலான கதை, கையெட்டும் தூரத்தில் இருந்தும் எனக்கு அதைத் திறக்கத் தோன்றவே இல்லை. வாங்குவது மட்டும் பழக்கத்தில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கே 42வதுக்குப் பணம் கட்டுவதில்லை என்று முடிவு செய்தேன், ஆனால் ஏன் இப்படி ஆனது என்று யோசிக்க யோசிக்க மனசு கேட்கவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

தொடரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இன்னும் அதை ரசித்துப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சண்டை போட இதை எழுதவில்லை. மாத இதழாக வருவது, இதழுக்கு 20 பக்கம், ஐந்து இதழ்கள் சேர்ந்தால் ஒரு தொகுதி. நான் ஆரம்பித்தபோது ஆறு தொகுதிகள் வந்திருந்தன, அவற்றை ஒரே வாரத்தில் முடித்துவிட்டு ஏழாவதுக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.

கதை இதுதான். போரிடும் இரண்டு நாடுகள், நடுவே ஒரு மலை. அந்த மலையைத் தாண்டிக் கடிதங்களையும் மருந்தையும் கொண்டுபோய்ச் சேர்க்கும் பத்துப் பேர். முதல் இதழிலேயே அவர்கள் நம்பியிருந்த பாலம் எரிக்கப்படுகிறது, மூன்று பேர் செத்துப்போகிறார்கள், மிச்சமிருக்கிற ஏழு பேரில் ஒருவர்தான் காட்டிக்கொடுத்தது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. யார் என்று தெரியாது. அவ்வளவுதான் முடிச்சு. ஆனால் அந்த ஒரு முடிச்சு இருந்ததால், யாராவது ஒருவர் இன்னொருவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால்கூட அந்தப் படக் கட்டத்தை இரண்டு முறை பார்ப்பேன்.

எனக்கு அந்தத் தொடர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒன்பதாவது தொகுதியில் ஒரு பக்கம். அந்தக் குழுவில் ஒரு மருத்துவச்சி உண்டு, எட்டாவது தொகுதியில் பனியில் மாட்டிக்கொண்டு இடது கை மரத்துக் கறுத்துப்போய், மணிக்கட்டோடு எடுத்துவிடுகிறார்கள். அடுத்த தொகுதியில் அவள் மறுபடி வேலைக்கு வருகிறாள். ஆறு கட்டங்கள், ஒரு வசனமும் இல்லை. காயம்பட்ட ஒருவனின் தொடையில் கட்டுப் போடுகிறாள். முதல் கட்டத்தில் துணியின் ஒரு முனையைப் பல்லில் கடிக்கிறாள். இரண்டாவதில் வலது கையால் சுற்றுகிறாள். மூன்றாவதில் துணி நழுவி அவிழ்ந்துபோகிறது. நான்காவதில் அவள் முகம் மட்டும், கண் எங்கேயும் போகவில்லை, அவிழ்ந்த துணியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஐந்தாவதில் முனையை முழங்காலுக்கு அடியில் அழுத்திக்கொண்டு மறுபடி சுற்றுகிறாள். ஆறாவதில் முடிச்சு விழுந்துவிட்டது, கட்டத்தின் ஓரத்தில் அடுத்த நோயாளியின் கால் தெரிகிறது. அவள் அழவும் இல்லை, யாரும் அவளைப் பாராட்டவும் இல்லை. அந்த ஒரு பக்கத்துக்காக அந்தத் தொகுதியை எத்தனை பேருக்கு இரவல் கொடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை, முதுகுப் பக்கம் தையல் விட்டுப்போய் இப்போது நூல் தொங்குகிறது.

22வது தொகுதியில் காட்டிக்கொடுத்தது யார் என்று தெரிந்தது. அந்தத் திருப்பம் எனக்குப் பிடித்திருந்தது, நியாயமாக இருந்தது, பின்னால் போய்ப் பார்த்தால் அதற்கான தடயங்கள் நாலைந்து இடத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. அத்தோடு முடித்திருந்தால் இதை எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்திருப்பேன். முடிக்கவில்லை. தொடர் நன்றாக விற்றுக்கொண்டிருந்திருக்கும், சரி, அதில் தப்பு சொல்ல மாட்டேன். கதை ஆரம்பித்த கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு அடுத்த கேள்வி ஒன்று வேண்டுமே, அதைத்தான் கடைசிவரை யாரும் கேட்கவில்லை. புது எதிரிகள் மட்டும் வந்தார்கள். ஒருவனை விட இன்னொருவன் பலசாலி, அவனுக்குப் பின்னால் ஒரு ரகசிய அமைப்பு, அந்த அமைப்புக்குப் பின்னால் இன்னொன்று.

அப்புறம் 27வது தொகுதியில், பாலத்தில் செத்த மூன்று பேரில் ஒருவர் உயிரோடு வந்து நின்றார்.

காமிக்ஸில் செத்தவர்கள் திரும்பி வருவது ஒன்றும் புதிதில்லை என்று எனக்கும் தெரியும். 1992 நவம்பரில் வெளியான 75வது இதழில் சூப்பர்மேனையே சாகடித்தார்கள், கறுப்பு உறையில் போட்டு விற்றார்கள், அடுத்த வருஷமே அவர் திரும்பி வந்துவிட்டார். ஆனால் அதில்கூட நடுவில் பல இதழ்களுக்கு அவர் இல்லாத உலகம் எப்படி இருக்கிறது, யார் அழுகிறார்கள், அவர் இடத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று எழுதினார்கள். நான் சொல்லும் தொடரில் அந்த மூன்று பேரின் சாவுதான் அஸ்திவாரம். ஏழு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகித்தது, தூங்காமல் கிடந்தது, ஒருத்தி தன் குழந்தைக்குச் செத்துப்போன தோழனின் பெயரை வைத்தது, எல்லாமே அதன் மேல் கட்டப்பட்டவை. அந்தத் தோழன்தான் திரும்பி வருகிறான். ‘ஆற்றில் அடித்துக்கொண்டு போனேன், பிறகு சிறைப்பட்டேன்’ என்று இரண்டு வசனம். தன் பெயர் வைத்த குழந்தையை அவன் பார்க்கிற காட்சி கட்டாயம் வரும் என்று நான் மூன்று தொகுதிகள் காத்திருந்தேன். வரவே இல்லை. 31வது தொகுதியில் அந்தக் குழந்தையே கதையிலிருந்து காணாமல் போய்விட்டது, எங்கே போனது என்று யாரும் கேட்கக்கூட இல்லை.

வசனங்களும் அந்தச் சமயத்தில்தான் மாறின. முன்பெல்லாம் பக்கம் பக்கமாக அமைதியாகப் போகும். பிறகு பார்த்தால் ஒவ்வொரு வசன பலூனும் கட்டத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதுவும் எப்படிப்பட்ட வசனம் என்றால், பத்து வருஷமாக ஒன்றாக மலையேறும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் ‘உன் அண்ணன் பாலத்தில் இறந்த நாளிலிருந்து நீ மாறிவிட்டாய்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். கேட்கிறவனுக்குத் தன் அண்ணன் எங்கே இறந்தான் என்று தெரியாதா? அது அவனுக்குச் சொல்வதில்லை, புதிதாக உள்ளே வந்த வாசகருக்குச் சொல்வது. புது வாசகர்கள் வரவேண்டும்தான், ஆனால் அதற்காகக் கதாபாத்திரங்கள் மனிதர்கள் மாதிரிப் பேசுவதை நிறுத்திவிடக் கூடாது.

இழுவையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொகுதியாகச் சேர்த்து விற்பது பழக்கமான பிறகு, ஐந்து அல்லது ஆறு இதழ்களுக்குச் சரியாக வருகிற மாதிரி ஒரு கதையை அளந்து எழுதுவது காமிக்ஸ் உலகில் சாதாரணமாகிவிட்டது. இரண்டு இதழில் முடிகிற விஷயம் ஐந்தாக நீளும். மாதம் 20 பக்கம்தான் கிடைக்கிறது என்கிறபோது, அதில் நாலு பக்கம் ஒருவன் கதவைத் திறப்பதற்குப் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? முதல் 22 தொகுதிகளில் ஒரே இதழில் ஒரு ஊர், ஒரு கடிதம், அதைப் பெறுகிற ஒரு கிழவர் என்று முழுசாக முடிந்த கதைகள் எத்தனையோ உண்டு. 30க்குப் பிறகு அப்படி ஒன்றுகூட இல்லை. கடிதங்களே இல்லை என்றும் சொல்லலாம், கடிதம் கொண்டுபோகிறவர்களின் கதையில்.

கதாசிரியர் மாறினால் தொடர் மாறுவது இயல்பு. லக்கி லுக் என்ற கௌபாய் காமிக்ஸை 1946ல் உருவாக்கியவர் மோரிஸ், 1955லிருந்து 1977ல் இறக்கும்வரை கோசினி கதை எழுதினார், அந்தக் காலத்துக் கதைகளின் நையாண்டியைத் தனியாக அடையாளம் காட்டிவிடலாம். டின்டின் காமிக்ஸை உருவாக்கிய எர்ஜே 1983ல் இறந்தபோது, தனக்குப் பிறகு அதை வேறு யாரும் தொடரக் கூடாது என்ற அவருடைய விருப்பப்படி அது அப்படியே நின்றது. என் தொடருக்கு அந்தக் காரணமும் கிடையாது. முதல் இதழின் அட்டையில் இருந்த கதாசிரியர் பெயர்தான் கடைசியாக வந்த தொகுதியிலும் இருக்கிறது. அந்தக் கட்டுப்போடும் பக்கத்தை எழுதியவர்தான் ‘உன் அண்ணன் பாலத்தில் இறந்த நாளிலிருந்து’ என்பதையும் எழுதினார். எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

தொடர் நீளமாக இருப்பதால் இப்படி ஆகிறது என்று சொல்லிவிடவும் முடியவில்லை. உசாகி யோஜிம்போ என்ற முயல் சாமுராய் காமிக்ஸை ஸ்டான் சகாய் 1984லிருந்து தானே எழுதி வரைந்து வந்திருக்கிறார், அதில் சின்னச் சின்னக் கதைகளில் வந்துபோகிறவர்கள்கூடப் பல வருஷம் கழித்துத் தங்கள் பழைய காயங்களோடு திரும்பி வருவார்கள். இன்னொரு பக்கம், ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் என்ற ஜப்பானிய காமிக்ஸ் 2001ல் ஆரம்பித்து 2010ல், 27 தொகுதிகளில், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு முடிந்தது. அதிலும் ஒருவன் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்தவன், கடைசிப் பக்கங்கள்வரை அந்த இழப்பு கதையை விட்டு நகரவே இல்லை. இரண்டுமே எனக்குப் பிடித்தவை. இரண்டிலும் கதை தன்னுடைய முந்தைய பக்கங்களை ஞாபகம் வைத்திருக்கிறது.

என் தொடரில் ஞாபகம் விட்டுப்போனது 34வது தொகுதியில் என் கண் முன்னாலேயே தெரிந்தது. சுரங்கம் இடிந்து விழுகிறது, உள்ளே ஒரு சிறுவன் மாட்டிக்கொள்கிறான், மருத்துவச்சி மண்டிபோட்டு உள்ளே கை நீட்டி, ‘பயப்படாதே, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்’ என்கிறாள். இரண்டு கையாலும். கட்டத்திலும் இரண்டு கைகள், பத்து விரல்கள். முதலில் ஓவியர் தவறிவிட்டார் என்று நினைத்தேன், 29லிருந்து புது ஓவியர்தான், ஆனால் வசனத்தையே அப்படி எழுதிக் கொடுத்திருக்கும்போது அவரை என்ன சொல்வது? சித்திரங்கள் கடைசிவரை நன்றாகவே இருந்தன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், பனியும் பாறையும் அவர் கையில் அவ்வளவு அழகு. இரண்டு இதழ் தள்ளி வாசகர்கள் கேட்டிருப்பார்கள் போல, வெளிநாட்டு வைத்தியர் ஒருவர் செய்துகொடுத்த கை என்று ஒரு வரி வந்தது. அந்தக் கையை அவள் முதன்முதலாகப் பார்த்த கணம் இல்லை, அதைப் பழகிய நாட்கள் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த பாத்திரங்களின் முன்கதைக்கெல்லாம் நட்சத்திரக் குறி போட்டு ‘64வது இதழைப் பார்க்க’ என்று அடியில் பெட்டி போட்டு எழுதுகிறார்கள், நாம் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் வைத்திருந்தேன். ஒன்பதாவது தொகுதியின் அந்த ஆறு கட்டங்களை அலமாரிக்குப் போகாமலேயே வரிசையாகச் சொல்வேன். அதை எழுதியவருக்கு அது ஞாபகம் இல்லை என்று தெரிந்த பிறகு, யார் செத்தாலும் யார் பிழைத்தாலும் எனக்குப் பதற்றம் வரவில்லை.

அதற்கப்புறமும் நாலு தொகுதி படித்தேன். இவ்வளவு வருஷம் கூட வந்தாயிற்று, எங்கேயாவது மீண்டுவிடும் என்று. 36ல் ஒரு நல்ல இதழ் இருந்தது உண்மை, இரண்டு பக்கத்து வீரர்களும் ஒரே குகையில் மழைக்கு ஒதுங்கும் இரவு. அந்த ஒரு இதழை நம்பி இன்னும் இரண்டு தொகுதி ஓடியது. 38ஐப் படிக்கும்போது யார் எந்த அணி என்று பாதியில் குழம்பிப்போய், பின்னால் திருப்பிப் பார்க்கக்கூடத் தோன்றாமல் அப்படியே பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய் முடித்தேன், முடித்த பத்தாவது நிமிஷத்தில் கடைசிக் காட்சி என்ன என்று கேட்டால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

புதிதாகப் படிக்க நினைப்பவர்களுக்கு என் கருத்து கேட்டால், ஒன்றிலிருந்து 22 வரை தயங்காமல் படியுங்கள், 22ன் கடைசிப் பக்கம் ஒரு முழுமையான முடிவாகவே இருக்கும், அங்கேயே மூடிவிடலாம். 36ல் அந்தக் குகை இதழை மட்டும் தனியாகப் படித்தாலும் புரியும். ஏற்கெனவே 25, 26ல் இருந்துகொண்டு இழுத்துப் பிடித்துப் படிக்கிறவர்கள், பாக்கியை வாங்கிக் குவிப்பதற்கு முன்னால் 27ஐ யாரிடமாவது வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் அலமாரியில் 22 வரை அப்படியே இருக்கும். மிச்சத்தை, பிரிக்காத மூன்றையும் சேர்த்து, இன்னும் விடாமல் படித்துக்கொண்டிருக்கும் ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டேன். ஒன்பதாவது தொகுதிக்கு மட்டும் முதுகுத் தையலைச் சரிசெய்ய வேண்டும். கொடுக்கும்போது நண்பரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன், மருத்துவச்சிக்கு மறுபடியும் அந்த மாதிரி ஒரு பக்கம் கிடைத்தால் எந்த இதழ் என்று சொல்லுங்கள், அதை வாங்கிப் படிக்கிறேன் என்று. சரி என்றிருக்கிறார்.